பட்டாளத்தார்

புளியங்குடியில் வயதான ராணுவத்தார் ஒருவர் இறந்துபோனால், அந்தச் செய்தி அவருடைய பெயரைச் சுமந்துகொண்டு தெருவில் இறங்குவதில்லை. “பட்டாளத்தாரு போயிட்டாராம்லா” என்றுதான் இறங்கும். எலுமிச்சைச் சந்தையில் மூடை தைத்துக்கொண்டிருப்பவருக்கும், டீக்கடை பெஞ்சில் இருப்பவருக்கும், வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவருக்கும் அவ்வளவு போதும். “எந்தப் பட்டாளத்தாரு, மேலத்தெருவா?” என்று ஒரு கேள்வி வரும். “எப்ப எடுக்காங்க?” என்று அடுத்தது வரும். “மூத்தவன் வடக்கேயிருந்து வரணும்லா, நாளைக்குத்தான் நீர்மாலை” என்று பதில் வரும். தாய் தகப்பன் வைத்த பெயர் இறப்புச் சான்றிதழுக்கும் பென்ஷன் காகிதத்துக்கும் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸுக்கும்தான் வேண்டியிருக்கிறது. ஊர் அவரை அறிந்தது வேறொரு பெயரில். அந்தப் பெயரின் வரலாறு, போருக்குப் போனவனைத் தமிழ் எப்படி நினைவில் வைத்தது என்ற பெரிய வரலாற்றுக்குள் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் சொல்லின் உடம்பைப் பார்த்துவிடலாம். பட்டாளம், அதன்மேல் அத்துச் சாரியை, அதன்மேல் ஆர் விகுதி. ஊரார், வீட்டார், நாட்டார் என்பவை போலவே அமைந்தது. அந்தச் சொற்களில் ஆர் விகுதி பலரைக் குறிக்கும். பட்டாளத்தாரில் அது ஒருவரைக் குறித்து, மரியாதையையும் சேர்த்துக்கொண்டது. இந்த மரியாதை படையில் சேர்ந்த உடனே கிடைத்துவிடாது. இருபது வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் ஆள் எடுப்புக்குப் போய்ச் சேர்ந்தவனை ஊர் “பட்டாளத்துக்குப் போனவன்” என்றது. லீவில் கருப்பு ட்ரங்குப் பெட்டியோடு வந்து இறங்கும்போது அவன் பட்டாளத்துக்காரன். பதினைந்து, இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்து, நிலமோ கடையோ பார்த்து, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, தலை நரைத்து, திண்ணையில் உட்கார்ந்து நியாயம் சொல்லும் வயது வந்தபிறகுதான் பட்டாளத்தார். அதாவது அவர் படையில் இருந்த காலத்தில் கிடைக்காத பெயர், படையை விட்டு வந்தபிறகு கிடைக்கிறது. இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பட்டாளம் தமிழ் வேர்ச்சொல் அல்ல. ‘பட்ட ஆள்’, அதாவது போரில் விழுந்த ஆள் என்பதிலிருந்து வந்ததாகச் சிலர் பிரித்துக் காட்டுவார்கள். காதுக்கு அது பொருத்தமாகத் தோன்றக் காரணம் உண்டு. ஆள் என்ற ஒலி உள்ளே கேட்கிறது. ஆனால் சொல் வந்த வழி வேறு. போர் என்றும் போருக்கு அணிவகுத்த படை என்றும் பொருள்பட்ட ‘பத்தாலியா’ என்ற பிற்கால லத்தீன் சொல் இத்தாலியத்தில் ‘பத்தாலியோனே’ ஆயிற்று. பிரெஞ்சு அதைப் ‘பத்தாயோன்’ என்றது, ஆங்கிலம் பட்டாலியன் என்றது. இந்தியக் கடற்கரையில் கோட்டை கட்டிய ஐரோப்பியர்களின் வாயிலிருந்து அந்தச் சொல் தென்னிந்திய மொழிகளுக்குள் நுழைந்தது. தமிழ் அதன் வாலை வெட்டி ‘அம்’ சேர்த்து, ட-வை அழுத்தி, ல-வை ள-வாக்கித் தன் பிள்ளையாக்கிக்கொண்டது. கும்பினியும் துருப்பும் அப்படி வந்தவைதான். துப்பாக்கி துருக்கி மொழியிலிருந்தும் சிப்பாய் பாரசீகத்திலிருந்தும் வந்தன. செங்கோட்டை தாண்டிப் புளியரை வழியாக இறங்கினால், மலையாளத்தில் ராணுவம் முழுமைக்குமே பட்டாளம்தான் அன்றாடச் சொல். சென்னையில் புளியந்தோப்பை ஒட்டிப் பட்டாளம் என்றே ஒரு பகுதி இருக்கிறது.

‘பத்தாலியா’வுக்கும் அடியில் ஒரு லத்தீன் வினை உண்டு: ‘பத்துவேரே’, அடித்தல். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர் முழக்கம் “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு.” ரோமாபுரியில் அடி என்று பிறந்த வேர் ஐரோப்பாவைச் சுற்றி, கப்பலேறி, தமிழனின் நாக்கில் பட்டாளமாக மாறி, அந்தப் பட்டாளம் தமிழிலேயே அடி என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. தற்செயல்தான். ஆனாலும் இப்படிப்பட்ட தற்செயல்களுக்காகவே சொல்லின் பின்னால் அலையத் தோன்றுகிறது.

இந்தச் சொல் புளியங்குடிச் சீமைக்குக் காற்றில் பறந்து வந்துவிடவில்லை. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பாண்டாக 1758ஐக் கொண்டாடுகிறது. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைக்காகச் சிதறிக் கிடந்த சிப்பாய்களை ஆங்கிலக் கும்பினி பட்டாலியன்களாகத் திரட்டத் தொடங்கிய காலம் அது. அதே ஆண்டுகளில் கும்பினிச் சிப்பாய்கள் திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரர்களோடு மோதிக்கொண்டிருந்தார்கள். 1755இல் கர்னல் ஹெரான் வந்தார். பிறகு ‘கம்மந்தான்’ கான் சாகிபு என்று மக்கள் அழைத்த யூசுப்கான் வந்தார். கம்மந்தான் என்பதும் கமாண்டன்ட் தமிழில் உருண்டு வந்த வடிவம். 1761இல் நெற்கட்டும்செவல் விழுந்தது. 1764 அக்டோபர் 15இல் அந்த யூசுப்கானையே மதுரையில் தூக்கிலிட்டார்கள். 1767இல் வாசுதேவநல்லூர் மண்கோட்டையைக் கர்னல் கேம்பல் பீரங்கி வைத்து அடித்தார். புளியங்குடியிலிருந்து வடக்கே பார்த்தால் வாசுதேவநல்லூர், கிழக்கே போனால் சங்கரன்கோவிலும் நெற்கட்டும்செவலும். இந்தச் சீமை மக்கள் பட்டாளத்தை முதலில் பார்த்தது எதிரிப் படையாகத்தான். கோட்டைக்குள் நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் ஆட்கள், கோட்டைக்கு வெளியே கும்பினிப் பட்டாளம். பிற்காலத்தில் தங்கள் வீட்டு மூத்தவருக்கு மரியாதைப் பெயராக வைக்கப்போகும் சொல்லை அவர்கள் பயத்தோடும் வெறுப்போடும்தான் கற்றிருக்க வேண்டும்.

புதுச்சேரிக்குப் போனால் இதன் இணைச்சொல்லைக் கேட்கலாம். அங்கே பிரெஞ்சுப் படையில் இருந்து திரும்பியவர் சொல்தா. பிரெஞ்சில் படைவீரனைக் குறிக்கும் சொல் அப்படியே தங்கிவிட்டது. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்ஸுக்காகச் சண்டையிட்ட புதுச்சேரித் தமிழர்கள் பிரெஞ்சு பென்ஷனோடு ஊர் திரும்பினார்கள். நவம்பர் 11ஆம் தேதி, பதக்கங்களைச் சட்டையில் குத்திக்கொண்ட அந்த முதியவர்கள் கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்துக்கு வருவது புதுச்சேரிக்குப் பழகிய காட்சி. ஆனால் சொல்தா என்ற சொல்லில் ஆர் விகுதி இல்லை. மரியாதையைக் குரல்தான் கொடுக்க வேண்டும்.

பட்டாளம் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, போருக்குப் போனவனுக்குத் தமிழ் ஒரு சொல் வைத்திருந்தது: பட்டான். படு என்றால் விழு, சாய், இற. “மரம் பட்டுப்போச்சு” என்று தோட்டத்தில் இன்றும் சொல்கிறோமே, அதே வினை. செங்கம் பக்கத்து நடுகற்களில், பல்லவர் காலத்து வட்டெழுத்தில், இன்னார் தொறு மீட்டுப் பட்டான், அவன் கல் இது என்று திரும்பத் திரும்ப வெட்டியிருக்கிறார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைக் கவர வந்தவனுக்கும் கல், மீட்கப் போனவனுக்கும் கல். அதே வட்டாரத்து எடுத்தனூரில், எசமானோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்து, அதன் பெயரையும் எழுதி வைத்தார்கள். இன்னும் பழையது தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பை. 2006இல் அங்கே கிடைத்த கற்களில் ஒன்று, கூடலூர் ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்குத் தமிழ் பிராமி எழுத்தில் நட்டது. ஆகோள் என்பதும் மாடு கவரும் பூசல்தான். இந்தக் கற்கள் அரசர்களுக்கானவை அல்ல. பெரும்பாலும் சாதாரண ஆட்களுக்கு ஊர் வைத்தவை.

கல் நடும் சடங்கைத் தொல்காப்பியம் ஆறு படியாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது காட்சி. எடுக்கத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுவது, படையலிட்டுச் சிறப்பிப்பது, வாழ்த்துவது. இதில் நீர்ப்படை என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் இறந்தவரைக் குளிப்பாட்ட நீர் எடுத்து வரும் நம் பக்கத்து நீர்மாலை என் நினைவுக்கு வருகிறது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டிலும், இறந்தவனை அனுப்புவதற்கு முன்னால் அவன்மேல் நீர் விழுந்தாக வேண்டும்.

புளியங்குடிச் சீமைக்கும் தன் நடுகல் கதை உண்டு. பூலித்தேவரின் தளபதிகளில் ஒருவரான வெண்ணிக் காலாடி, கான் சாகிபு படையோடு நடந்த சண்டையில் வயிறு கிழிந்து குடல் சரிய, அதை உள்ளே தள்ளித் தலைப்பாகைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு சண்டை முடியும்வரை நின்றார் என்றும், பூலித்தேவரின் மடியில் உயிர்விட்டார் என்றும், காலாடிக்குத் தேவர் கல் நட்டார் என்றும் வாய்மொழி சொல்கிறது. காலாடி மேடு என்ற இடப்பெயர் அந்த நினைவைத் தாங்கி நிற்கிறது. காலாடி பட்டார், கல் பெற்றார். பூலித்தேவரோ பட்டவரும் இல்லை, வீடு திரும்பி மூத்தவரும் இல்லை. சங்கரன்கோவில் கோயிலுக்குள் போனவர் மறைந்துவிட்டார் என்பது ஊர் நம்பிக்கை. கோயிலில் பூலித்தேவர் அறையை இன்றும் காட்டுகிறார்கள்.

விழுந்தவனுக்குக் கல் உண்டு, மறைந்தவனுக்கு அறை உண்டு. திரும்பி வந்து, எண்பது வயதில் கட்டிலில் இறந்தவனுக்கு என்ன இருந்தது?

பழந்தமிழகம் இதற்கு வைத்திருந்த பதில் கடுமையானது. நோயில் இறந்த வீரனை அது வெட்கத்தோடு பார்த்தது. புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பாடிய 93ஆம் பாட்டு அந்த வழக்கத்தைச் சொல்கிறது. போர்க்களத்தில் சாகாமல் நோயில் இறந்த மன்னரின் உடலைப் பசும்புல் பரப்பிக் கிடத்தி, வீரர்கள் போகும் உலகத்துக்கே நீயும் போ என்று சொல்லி வாளால் வெட்டிப் பிறகு அடக்கம் செய்வார்களாம். சண்டையில் பட்டது போன்ற ஒரு புண்ணை, செத்த உடம்பில் சேர்த்து அனுப்பினார்கள். 74ஆம் பாட்டில், சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, இறந்து பிறந்த குழந்தையையும் உருவமற்ற தசைப் பிண்டத்தையும்கூட ஆள் அல்ல என்று விடாமல் வாளால் கீறும் குடியில் பிறந்தவன் தான் என்று புலம்புகிறான். அந்த அறத்தில், படுப்பது மட்டும்தான் வீரனின் கடைசி வேலை. வீடு திரும்புதல் கதையில் சேர்த்தி இல்லை.

இந்தப் பாடல்களைப் பெருமையோடு மேடையில் முழங்குகிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். பெருமை இருக்கட்டும். நாலு பிள்ளை பெற்று, தோட்டத்தில் எலுமிச்சை வைத்து, பேத்திக்கு ஜடை பின்னிவிடக் கற்றுக்கொண்டு, கடைசியில் மூச்சுத்திணறி இறந்த ஒரு பெரியவரின் உடம்பை அந்த அறம் என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நம் ஊர் அதைவிட நல்ல வழியைக் கண்டுபிடித்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த வழி திறக்க இருபதாம் நூற்றாண்டின் இரண்டு பெரிய போர்கள் வேண்டியிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், வடமேற்கு ஆட்களே போர்க்குணம் உள்ளவர்கள் என்ற கொள்கை ஆங்கிலேயப் படைத்தலைமையைப் பிடித்துக்கொண்டது. தென்னாட்டுக் காலாட்படை வருஷத்துக்கு வருஷம் சுருங்கியது. ஆனாலும் முதல் உலகப்போருக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் போனார்கள். போர் முடிந்ததும் சில ஊர்களில் அரசு சின்னக் கல்வெட்டுப் பலகைகளைப் பதித்தது. இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர்கள் இத்தனை பேர் என்று இரண்டே வரி; யாருடைய பெயரும் கிடையாது. என்றாலும் நடுகல்லில் இல்லாத ஒன்று இதில் உண்டு. போனவர்களின் மொத்தக் கணக்கில், திரும்பியவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள்.

1920களில் அநேகமாக இல்லாமலே போய்விட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டை, இரண்டாம் உலகப்போர் மறுபடி எழுப்பியது. அந்தப் போரில் இந்தியப் படை 25 லட்சம் பேருக்கு வளர்ந்தது. அவ்வளவு பேரும் கட்டாயமில்லாமல் தாமாகச் சேர்ந்தவர்கள். மானாவாரி நிலத்தில் மழையை நம்பிக் கிடந்த வீடுகளுக்கு மாதச் சம்பளமும் மணியார்டரும் பெரிய காரியம். பர்மாச் சண்டையில் விழுந்து, உடலும் கிடைக்காமல் போனவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் கல்லறைத் தோட்டத்தில் உள்ள நினைவுத் தூண்களில் இருக்கின்றன. ஏறக்குறைய 27,000 பெயர்கள். திரும்பியவர்கள் கொண்டு வந்தது பர்மா ஸ்டார் என்ற ஒரு நட்சத்திரப் பதக்கத்தை. 1965க்குப் பிறகு சமர் சேவா ஸ்டார் வந்தது, 1971க்குப் பிறகு பூர்வி ஸ்டார், பஸ்சிமி ஸ்டார் வந்தன. இன்று நம் தெருக்களில் நாம் தூக்கிப் போகிற பட்டாளத்தார்களில் பலர் இந்தக் கடைசித் தலைமுறை. 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் பசந்தர் ஆற்றைக் கடந்து போரிட்ட படைகளில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 16ஆவது பட்டாலியனும் ஒன்று. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் கய் அங்கே பட்டார். மகாவீர் சக்கரம் அவர் இறந்தபின் வந்தது. அவரோடு ஆற்றங்கரையில் நின்ற இளைஞர்கள் இன்று எழுபதைத் தாண்டியவர்கள்.

அவர்கள் ஊரில் எப்படி இருந்தார்கள் என்பதும் இந்தச் சொல்லுக்குள் படிந்திருக்கிறது. விடியுமுன் எழுந்து நடப்பவர் பட்டாளத்தார். மடிப்புக் கலையாத சட்டை, மழுங்கச் சிரைத்த முகம், மணி தவறாத சாப்பாடு. வடநாட்டு லாரி டிரைவர் வழி தெரியாமல் நின்றால் ஹிந்தி பேசக் கூட்டி வரப்படுபவர். கேண்டீன் கார்டில் தனக்குக் கிடைக்கும் பாட்டிலை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தான் தொடாதவரும் உண்டு, தொட்டவரும் உண்டு. போரைப் பற்றி மட்டும் அதிகம் பேசமாட்டார். “என்ன தாத்தா, எத்தன பேரச் சுட்டீங்க?” என்று கேட்கும் சிறுவனிடம் பனியைப் பற்றியும் கம்பளியைப் பற்றியும் சமையல் கூடாரத்தைப் பற்றியும் சொல்லிப் பேச்சை மாற்றுவார். பிள்ளைகள் பலருக்கு அப்பா எந்த இடத்தில் சண்டையிட்டார் என்பதே தெரியாது. அவர் இறந்து, ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பட்டாளம் என்ற சொல் இதற்குள் இன்னொரு பொருளையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. பெருங்கூட்டம் எதுவும் பட்டாளம். ரசிகர் பட்டாளம், நண்பர் பட்டாளம், பேரன் பேத்திப் பட்டாளம். முதியவர் சாவில் இந்த இரண்டு பொருளும் ஒரே முற்றத்தில் சந்திக்கின்றன.

புளியங்குடிப் பக்கத்து இந்து வீடுகளில் சாதிக்குச் சாதி சிறு வேறுபாடு இருந்தாலும், காரியம் ஏறக்குறைய ஒரே வரிசையில் நடக்கும். தலைமாட்டில் நிறைநாழி நெல்லும் விளக்கும். வெளியூர் உறவு வந்து சேரும்வரை பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்வார்கள். சம்பந்தக்காரர்கள் கோடித்துணி கொண்டு வருவார்கள். மகன்களும் பங்காளிகளும் கொட்டும் சங்கும் முன்னே போக, கிணற்றுக்கோ குளத்துக்கோ போய்க் குளித்து, மாலை போட்டுக்கொண்டு, குடங்களில் நீர் எடுத்து வருவார்கள். நாலு பேர் நாலு முனை பிடித்த வெள்ளைத் துணி அவர்கள் தலைக்குமேல் பந்தலாக வரும். இதுதான் நீர்மாலை. குளம் வற்றிய காலத்தில் பம்புசெட்டுக்குப் போகிறார்கள், அதுவும் இல்லாவிட்டால் தெருக்குழாய். நீர் எங்கிருந்து வந்தாலும் அந்த நடை மாறாது. அந்த நீரால் அப்பாவைக் குளிப்பாட்டுவார்கள். வாழ்நாள் முழுக்கத் தன் முகத்தைத் தானே மழித்து, தன் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டவரை, மகன் முதல்முறையாகத் துவட்டிவிடுகிறான்.

அப்புறம் நெய்ப்பந்தம். பேரன்மாரும் பேத்திகளும் கையில் சிறு பந்தங்களைப் பிடித்துக்கொண்டு உடலைச் சுற்றி வருவார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனவருக்குத்தான் இந்தச் சிறப்பு. அதைக் கல்யாணச் சாவு என்று சொல்லும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உண்டு. வாளால் கீறி அனுப்பிய பழைய வழக்கத்துக்கும் நெய்ப்பந்தத்துக்கும் இடையே தமிழ்ச் சமூகம் கடந்து வந்த தூரத்தை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. கட்டிலில் சாவது அங்கே குறை, இங்கே பெருமை. அவர் போரில் சாகாமல் வந்ததால்தான் இந்தப் பிள்ளைகள் பிறந்து, இன்று பந்தம் பிடிக்கிறார்கள். சுற்றி நிற்கிற எவரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பந்தம் பிடித்த பிள்ளையின் கை சுடாமல் யாராவது பெரியவர்கள் கூடப் பிடித்துக்கொள்வார்கள்.

புளியங்குடியில் முஸ்லிம் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் நிறைய. அந்த வீடுகளில் இருந்தும் பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள், அவர்களும் பட்டாளத்தார்தான். மையத்தைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி எடுத்துப் போகும்போதும், பெட்டியில் வைத்து ஜெபம் செய்து கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும்போதும், தெருவில் சொல்வது “பட்டாளத்தார எடுத்தாச்சா?” என்பதே. மதம் மாறினால் சடங்கின் பெயர் மாறும். இந்தப் பெயர் மாறுவதில்லை.

துக்கம் கேட்க வருவதைக் கேதம் கேட்பது என்பார்கள். வடமொழியில் வருத்தத்தைக் குறிக்கும் கேதத்தைத்தான் நம் சம்சாரிகள் சாவு வீட்டுக்கே உரியதாக்கிக்கொண்டார்கள். துட்டிக்குப் போவது என்றும் சொல்வதுண்டு. கேதத்துக்கு வந்தவர் போகும்போது “போயிட்டு வாரேன்” என்று சொல்லக்கூடாது. எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். பட்டாளத்தார் வீட்டுக் கேதத்தில் இன்னொரு வகை ஆட்களும் வருவார்கள். பக்கத்து ஊர்ப் பட்டாளத்தார்கள். சிவகிரியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, உடலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, முதுகு நிமிராவிட்டாலும் நிமிர்த்தி, ஒரு சல்யூட் வைத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பார்கள். யாரும் அவர்களை அழைத்து வரிசையில் நிறுத்துவதில்லை. எந்த விதிப்புத்தகமும் அதற்கு இல்லை.

விதிப்புத்தகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி உண்டு. பீல்டு மார்ஷல் சாம் மானெக்ஷா, 1942இல் பர்மாவில் சித்தாங் ஆற்றுச் சண்டையில் வயிற்றில் குண்டு பாய்ந்து, பிழைக்கமாட்டார் என்று எண்ணப்பட்டுப் பிழைத்தவர். 1971 போரை வென்று கொடுத்தவர். ஓய்வுக்காலத்தை நீலகிரியில் கழித்து, 2008 ஜூன் 27ஆம் தேதி, 94 வயதில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையகமும் அதே வெலிங்டன்தான். அவர் மகள்கள் அவரை ஊட்டி பார்சி இடுகாட்டில், அம்மாவுக்கு அருகே அடக்கம் செய்தார்கள். தேசிய துக்கம் அறிவிக்கப்படவில்லை. குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை. நாடு முழுக்க அதைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார்கள். அவ்வளவு பெரியவர் களத்தில் பட்டிருந்தால் டெல்லி முழுதும் திரண்டிருக்கும். வயதாகிக் கட்டிலில் இறந்த தளபதியை என்ன செய்வதென்று அரசு மரபுக்குத் தெரியவில்லை. புளியங்குடித் தெருவுக்குத் தெரிந்திருக்கிறது.

அரசுக்கும் ஒரு சொல் உண்டு: முன்னாள் படைவீரர். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. டிசம்பர் 7 கொடி நாள் வசூல் அவர்களுக்காகவும் நடக்கிறது. ‘முன்னாள்’ என்பதில் குற்றமில்லை, பென்ஷன் சட்டத்துக்கு அது வேண்டும். ஊர்ச் சொல்லில் அந்த முன்னாள் கிடையாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் உடுப்பைக் கழற்றியவரும் பட்டாளத்தார்தான். அவர் மனைவி பட்டாளத்தாரம்மா. மகன் அமெரிக்காவில் இருந்தாலும் பட்டாளத்தார் மகன். வீடு பட்டாளத்தார் வீடு. அவர் போனபிறகும் அந்த வீட்டுக்கு வழி கேட்பவருக்கு அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள்.

அந்தப் பெயர் இன்னும் எவ்வளவு காலம் என்பதுதான் கவலை. இளவட்டங்கள் இப்போது ஆர்மி என்கிறார்கள். “ஆர்மில இருக்கான்”, “ஆர்மிக்காரர்.” பட்டாளத்தைச் சினிமாவின் ரசிகர் கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்தாயிற்று. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நாலே வருஷத்தில் திரும்பிவிடுவார்கள். இருபத்திரண்டு வயதில் வீட்டுக்கு வந்து, வேறு வேலை தேடும் அவர்களுக்கு ஊர் என்ன பெயர் வைக்கும்? ஆர் விகுதி சேர அறுபது வயது ஆக வேண்டியிருந்த ஒரு சொல்லில் அவர்களுக்கு இடம் கிடைக்கக் காலம் ஆகும். கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்பாவை இழந்து கேதத்தில் உட்கார்ந்திருக்கிற பட்டாளத்தார் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பதினாறாம் நாள் காரியத்துக்கு அட்டை அடிக்கும்போதும், தெருமுனையில் பிளெக்ஸ் வைக்கும்போதும், தோற்றம், மறைவு என்ற தேதிகளுக்கு நடுவே அவர் பெயருக்கு முன்னால் பட்டாளத்தார் என்று போடுங்கள். கீழே அவருடைய படைப்பிரிவு எது, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை இருந்தார், எந்த எல்லையில் நின்றார் என்று ஒரு வரி சேருங்கள். குடும்ப ஓய்வூதியத்துக்காக எப்படியும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை வெளியே எடுப்பீர்கள். எல்லாத் தகவலும் அதில்தான் இருக்கிறது. அலுவலகத்தில் கொடுக்குமுன் ஒரு நகல் எடுத்து, பந்தம் பிடித்த பேரப்பிள்ளைகளில் படிக்கத் தெரிந்த ஒன்றின் கையில் கொடுத்து வையுங்கள்.